அம்மாவுடன் ஒரு நாள் புதுச்சேரி: ஆரோவில்லை விட்டுடுங்க

கடலூர்லேருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ல வர்றீங்க, அம்மாவுக்கு முட்டி வலி, ஆரோவில்லையும் சேர்த்துப் பார்க்க முடியுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. அங்க இருக்கற தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேணும். வெளியே நின்னு பார்க்கவே ஒரு கிலோமீட்டர் நடக்கணும். பாதி நாள் அதுலயே போயிடும்.

காலையில மணக்குள விநாயகர் கோயில். கோயில் யானை லட்சுமி 2022லேயே இறந்துபோச்சு, அம்மா ஆசையா வந்தா முன்னாடியே சொல்லிடுங்க. அடுத்து பக்கத்துலயே அரவிந்தர் ஆசிரமம். செல்போனை அணைச்சிட்டு, சமாதி பக்கத்துல அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்கார வைங்க, சத்தமே இருக்காது. இது ரெண்டையும் மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க, அப்புறம் நடை சாத்திடுவாங்க.

சாப்பிட்டதும் வெயில்ல சுத்தாதீங்க. பாரதி பூங்காவுல நல்ல நிழல், நடுவுல ஆயி மண்டபம், எதிர்ல துணைநிலை ஆளுநர் மாளிகை. அம்மா அங்கேயே இளைப்பாறட்டும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க. அந்த நெரிசல் முட்டி வலிக்காரங்களுக்கு ஆகாது. பேரம் பேசாம எதையும் வாங்கிடாதீங்க!

சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, அதனால அஞ்சரைக்கே ஆட்டோவுல காந்தி சிலை கிட்ட இறங்கிடுங்க. கடலைப் பார்த்த இடமாப் பிடிச்சு உட்காருங்க. 1836ல ஏத்துன பழைய கலங்கரை விளக்கம் எதிர்லயே நிக்குது. கால் நனைக்க மட்டும் பாறையில இறங்க வேண்டாம், பாசி வழுக்கும்.