ஆத்தங்குடித் தரையில் முதுகு நோகும் நாய்

ஆச்சி, உங்கள் டேஷண்ட் நாய்க்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது, கூண்டில் அடைத்து ஓய்வு கொடுக்கச் சொல்லியும் வளவெல்லாம் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் உங்கள் வீட்டின் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கவனியுங்கள். அந்த வழவழப்பில் பின்கால் ஒருமுறை சறுக்கினாலே ஆறிவரும் தட்டு மறுபடி பிதுங்கக்கூடும். கோரைப்பாய் வேண்டாம், அதுவும் நழுவும். ரப்பர் விரிப்பே நல்லது. முற்றத்துக்கு இறக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை இடுப்புக்கடியிலும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்குங்கள்.

பொதுவாக 4 முதல் 6 வாரம் அடைத்துவைக்க வேண்டும். வலி குறைந்ததும் துள்ளும், கெஞ்சும். மூன்றாம் வாரத்தில் மனம் இளகி அவிழ்த்துவிட்டு, மறுநாள் எங்கள் நாய் எழ முடியாமல் கிடந்ததைப் பார்த்து அழுதிருக்கிறேன். நமக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பின்கால் இழுபட்டாலோ சிறுநீர் கழிக்காவிட்டாலோ, இரவானாலும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.