நாணயச்சாலை: கேள்வி பதில்

சேலம்: என் காசு எந்த ஊரில் அச்சானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985 ஒரு ரூபாயில் ‘எச்’ இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்து வந்தது.

ஈரோடு: பத்து ரூபாய்க் காசின் நடுவட்டு கழன்றுவிட்டது. அச்சுப் பிழைதானே? நல்ல விலை போகுமா?

வளையமும் வட்டும் தனித்தனியாக வெட்டப்பட்டவை. இத்தகைய காசுகளில் பொதுவாக வட்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். இரண்டையும் ஒன்றாகக் காலருக்குள் (காசின் விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) வைத்து அடிக்கும்போது, வளையத்தின் உலோகம் உள்பக்கமாகப் பிதுங்கி அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. உருவம் பதிவதும் அதே அடியில்தான். லென்ஸ் வைத்து வளையத்தின் உட்சுவரைப் பாருங்கள். நடுவில் வரப்பு போல ஒரு மேடு தெரிந்தால், சரியாக அச்சாகிப் பிறகு கழன்றது. வட்டே இல்லாமல் அடி விழுந்திருந்தால் உலோகத்தைத் தடுக்க எதுவும் இருந்திருக்காது. துளை சுருங்கி, ஓரம் கோணலாகியிருக்கும்.

திருப்பூர்: எப்படிக் கழன்றாலும் பிழை பிழைதானே? இணையத்தில் லட்சம் கேட்கிறார்களே!

இல்லை. நாணயச்சாலைக்குள் நடந்தால் பிழை, வெளியே நடந்தால் சேதம். சேதத்துக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா கிடையாது. கேட்கும் விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல. வாங்குகிறோம் என்று சொல்லி ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2021இல் இதை எச்சரித்திருக்கிறது.

ஈரோடு (மீண்டும்): உட்சுவரில் மேடு இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்ததும் நன்றாகத் தெரிந்தது.

அப்படியானால் கழன்றதுதான். ஆனால் தேய்க்காதீர்கள், எந்தக் காசையும்! அடி விழும்போது உலோகம் ஓடிய நுண்கோடுகள்தான் புதுக்காசின் பளபளப்பு. புளியின் அமிலம் அவற்றை அரித்துவிடும், திரும்ப வராது.

மதுரை: வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க் காசு என்ன விலை?

ஐந்து ரூபாய். திருப்பூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வேலூர்: ₹ குறி இல்லாத பத்து ரூபாயைக் கடையில் மறுக்கிறார்கள்.

செல்லும். அந்தக் குறி 2010இல்தான் வந்தது. அதுவரை வந்த 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது.

சென்னை: அடிக்கும் முன் தகட்டைச் சூடாக்குவது ஏன்?

நல்ல கேள்வி. உருட்டாலையில் நசுங்கிய உலோகம் இறுகிப்போயிருக்கும். உலையில் இளக்காமல் அடித்தால் உருவத்தின் உயர்ந்த பகுதிகள் நிரம்பாது, டை (உருவம் பொறித்த அச்சு) சீக்கிரம் விரிசல் விடும். விரிசல் விட்ட டையில் அடித்த காசில் அந்த விரிசல் மேடான கோடாகப் பதியும். வட்டமாக வெட்டிய பிறகு விளிம்பை உருட்டித் தூக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் காசின் ஓரம் முழுதாக எழும்பாது.

சென்னை: தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி?

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் நாணயச்சாலை அங்கே இருந்ததால். 1869இல் மூடினார்கள்.

திருச்சி: 500 ரூபாய் நோட்டு எங்கே அச்சாகிறது?

நோட்டு இங்கே வேண்டாம். அதற்கு நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி என்று தனி அச்சகங்கள் உண்டு.