சிறுநீரகத்தை எடுத்த பிறகு 'புற்றுநோய் இல்லை' என்றால் வழக்குப் போடலாமா?

கேள்வி: என் மனைவியின் வலது சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று சொல்லி, தனியார் மருத்துவமனையில் அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஆன்கோசைட்டோமா, புற்றுநோய் அல்ல' என்று இருக்கிறது. நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் 'இல்லாத புற்றுநோயை இருக்கிறது என்றார்கள்' என்பதை மட்டும் நம்பிப் போனால் தோற்கவே வாய்ப்பு அதிகம். ஆன்கோசைட்டோமா ஸ்கேனில் புற்றுநோய் போலவே தெரியும். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்தாலும் சில சமயம் குரோமோபோப் வகைப் புற்றுநோயிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. (கொழுப்பு நிறைந்த ஆஞ்சியோமயோலிப்போமா என்ற இன்னொரு புற்றுநோயல்லாத கட்டி பெரும்பாலும் ஸ்கேனிலேயே பிடிபட்டுவிடும். அதைக் கவனிக்காமல் எடுத்திருந்தால் என் பதில் வேறு.) கணிப்பு தவறியது மட்டுமே அலட்சியம் ஆகாது என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் கண்ணில் பட்டது அந்த 3 செ.மீ.தான். 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி என்றால், முடிந்தவரை கட்டியை மட்டும் நீக்கி மீதியைக் காப்பாற்றுவதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட முறை. கட்டி நடுவில், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி இருந்தால் முழுதாக எடுக்க நேரலாம். அப்படித்தான் இருந்ததா? கட்டியை மட்டும் நீக்கும் வழி இருப்பதையாவது உங்களிடம் சொன்னார்களா? மாற்றுச் சிகிச்சைகளையும் விளக்கிய பிறகே ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 2008 சமீரா கோஹ்லி தீர்ப்பு. 'படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே' என்பார்கள். அதில் 'கட்டி நீக்கம்' என்று எழுதியிருந்ததா, 'சிறுநீரக நீக்கம்' என்றா, மாற்று வழி பற்றி ஒரு வரியாவது உண்டா என்று பாருங்கள்.

முதல் வேலை, உங்கள் மனைவி பெயரில் மருத்துவ ஆவணங்களை எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்கேன் படங்கள், ஒப்புதல் படிவம், அறுவை சிகிச்சைக் குறிப்பு மூன்றும் கட்டாயம் வேண்டும். அவற்றை வேறொரு சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். அது கையில் இல்லாமல் நான் இப்படிப்பட்ட வழக்கை எடுக்க மாட்டேன். அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த கிரியேட்டினின் அளவுகள் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) நஷ்டஈட்டுத் தொகைக்கு உதவும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு கெடு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அந்தக் கெடு நின்றுவிடாது. போலீஸ் புகார் வேண்டாம். கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அதற்கு இடமில்லை.