கடுகு வயலில் கடுகைப் போலவே நிற்கும் களைகள்: எதை வைத்து அடையாளம் காண்பது?

கேள்வி: விதைக்காகக் கடுகு பயிரிட்டிருக்கிறேன். பூக்கத் தொடங்கிய பிறகு பார்த்தால் பயிருக்குள் நான்கைந்து விதமான செடிகள் தெரிகின்றன. எல்லாமே நான்கு இதழ்ப் பூக்கள். சில செடிகளின் தண்டு சொரசொரப்பாக இருக்கிறது. சிலவற்றின் பூ வெளிறிப்போய் வெள்ளையாகவே தெரிகிறது. இலைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் பிடிபடவில்லை. எது பயிர், எது களை? எல்லாவற்றையும் விட்டுவைத்து, அறுவடைக்குப் பிறகு சல்லடையில் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து சல்லடையை நம்பி விட்டுவைக்காதீர்கள். கடுகு வயலில் வரும் முக்கியக் களைகள் காட்டு முள்ளங்கியும் காட்டுக் கடுகும். காட்டு முள்ளங்கியின் காய்த்துண்டு கடுகைவிடப் பெரியது, அது சல்லடையில் நின்றுவிடும். காட்டுக் கடுகின் விதையோ உங்கள் விதையின் பருமனே இருக்கும், உருண்டை, கருநிறம். கலந்த பிறகு எந்தச் சல்லடையாலும் அதைப் பிரிக்க முடியாது. அதை வயலில் நிற்கும்போதே பிடித்தால்தான் உண்டு.

இலை உங்களைக் குழப்பியதில் வியப்பில்லை. இந்தக் குடும்பத்தில் அடியிலைகள் பெரும்பாலும் ஒரே சாயல்தான்: நுனியில் பெரிய மடல், கீழே சின்னச் சின்ன மடல்கள். முளைக்கும்போது வரும் வித்திலைகளும் எல்லாவற்றிலும் இதய வடிவம்தான். வளம் உள்ள இடத்தில் நிற்கும் செடியின் இலை அகலமாகவும், வறண்ட இடத்தில் அதே இனத்தின் இலை குறுகியும் இருக்கும். பூவின் நிறத்தையும் முழுக்க நம்ப முடியாது; காட்டு முள்ளங்கி வெள்ளையாகவும் பூக்கும், மஞ்சளாகவும் பூக்கும். ஏமாற்றாத உறுப்பு காய். நல்ல வேளையாக இந்தச் செடிகள் உச்சியில் பூத்துக்கொண்டிருக்கும்போதே கீழே காய் பிடித்துவிடுகின்றன. ஆகவே நீங்கள் அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

நாளைக் காலை ஒவ்வொரு விதத்திலும் ஒரு செடியைப் பிடுங்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் பூவைக் கவிழ்த்து, இதழுக்கு அடியில் இருக்கும் நான்கு புல்லி இதழ்களைக் கவனியுங்கள். அவை இதழின் காம்பை ஒட்டி, குழாய் போல நிமிர்ந்து நின்றால் அது காட்டு முள்ளங்கி. இதழ்களில் ஊதா நிற நரம்புகள் ஓடினால் இன்னும் உறுதி. புல்லி இதழ்கள் பக்கவாட்டில் நன்றாக விரிந்து படுத்திருந்தால் அது காட்டுக் கடுகாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பயிர்க் கடுகு இந்த இரண்டுக்கும் நடுவில், சற்றே விரிந்த நிலையில் இருக்கும். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து காய். கீழே உள்ள முற்றிய காய் ஒன்றை விரல்களுக்கு நடுவே வைத்து வளைத்துப் பாருங்கள். காட்டு முள்ளங்கியின் காய் மணி கோத்த சரம் போல விதைக்கு விதை இறுகியிருக்கும். வளைத்தால் அந்த இறுக்கத்தில் குறுக்கே முறியும், நீளவாக்கில் பிளக்காது. காட்டுக் கடுகும் பயிர்க் கடுகும் அப்படியல்ல. காம்புப் பக்கத்திலிருந்து இரண்டு ஓடுகளாகப் பிரிந்து, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு காய்ந்த தாள் போல நிற்கும். இந்த இரண்டில் எது எது என்று அறிய, பூதக்கண்ணாடியால் ஓட்டின் முதுகைப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு நரம்பு புடைத்து ஓடினால் அது உங்கள் பயிர் சேர்ந்த கடுகுப் பேரினம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நரம்புகள் அருகருகே ஓடினால் காட்டுக் கடுகு. காயின் முனையில் இருக்கும் மூக்கும் சாட்சி சொல்லும். காட்டுக் கடுகின் மூக்கு நீண்டு, பருத்து, பெரும்பாலும் உள்ளே ஒரு விதையையும் வைத்திருக்கும். பயிர்க் கடுகின் மூக்கு மெலிந்து, வெறுமையாக இருக்கும்.

நீங்கள் சொன்ன சொரசொரப்பான தண்டும் காட்டுக் கடுகையே நினைவூட்டுகிறது. அதன் அடித்தண்டில் விறைத்த முடிகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், கிளை பிரியும் இடத்தில் செம்ஊதா நிறம் படிந்திருக்கும். ஆனால் காட்டு முள்ளங்கியின் தண்டிலும் சொரசொரப்பு உண்டு என்பதால் காயைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இன்னும் இரண்டு உறவினர்கள் இருக்கலாம். மேலிலைகளுக்குக் காம்பில்லாமல், இலையின் அடி காது போல விரிந்து தண்டைத் தழுவிக்கொண்டிருந்தால் அது டர்னிப் இனத்தின் காட்டு வடிவம். பயிர்க் கடுகின் மேலிலை தண்டைத் தழுவுவதில்லை, அடியில் குறுகிவிடும். காய்கள் இரண்டு சென்டிமீட்டர் அளவில் குட்டையாக, தண்டோடு ஒட்டிப் படுத்து நின்றால் அது கருங்கடுகு. பயிர்க் கடுகின் காய் அதைப்போல் இரு மடங்கு நீளம், தண்டை விட்டு விலகி நிற்கும்.

இந்த இரண்டையும் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டர்னிப் இனமும் கருங்கடுகும் கலந்து பிறந்ததே நம் பயிர்க் கடுகு. இந்த உறவை 1935-ல் ஊ ஜாங்-சுன் என்ற தாவரவியலாளர் விளக்கினார்: பத்து குரோமோசோமும் எட்டு குரோமோசோமும் சேர்ந்து பதினெட்டு. பெற்றோர் இனம் பக்கத்தில் பூத்தால் மகரந்தம் கலக்க வாய்ப்பு உண்டு, டர்னிப் இனத்தோடு குறிப்பாக. காட்டுக் கடுகு பயிர்க் கடுகோடு கலப்பது மிக அரிது. அதனால் வரும் கெடுதல் விதைக் கலப்படம்தான். காட்டு முள்ளங்கி கடுகோடு கலக்காமல் விட்டாலும், பக்கத்தில் யாராவது முள்ளங்கி விதைப் பயிர் வைத்திருந்தால் அதோடு தாராளமாகக் கலந்துவிடும். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

களைக்கொல்லி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பயிரும் களையும் ஒரே குடும்பம். சாதாரணக் கடுகுப் பயிரைக் காப்பாற்றி இந்தக் களையை மட்டும் கொல்லும் மருந்தை எதிர்பார்க்காதீர்கள். கையால் பிடுங்குவதே வழி.

பிடுங்கும்போது சந்தேகமில்லாத கலவன்களை, அதாவது பயிரல்லாத செடிகளை, முதலில் எடுத்துவிடுங்கள். சந்தேகமானவற்றில் வகைக்கு ஒன்றை மட்டும் குச்சி நட்டு அடையாளமிட்டு, பூங்கொத்தை மெல்லிய துணியால் மூடி, கீழே ஏற்கெனவே பிடித்த காய் முற்றும்வரை விட்டு, மற்றவற்றைப் பிடுங்கிவிடுங்கள். விதைப் பயிரில் ஐயத்துக்கிடமான ஒரு நல்ல செடியை இழப்பது நஷ்டமே இல்லை. பிடுங்கிய செடியில் காய் இருந்தால் வரப்பில் போடாதீர்கள். பிடுங்கிய பிறகும் காய் முற்றி விதை உதிரும். காட்டுக் கடுகின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இந்த ஆண்டு உதிர்ந்துவிட்டால் ஆழ உழுது புதைக்கவும் வேண்டாம். பின்னாளில் எப்போதோ ஒரு ஆழ உழவில் மேலே வந்து முளைக்கும். மேல் மண்ணிலேயே முளைக்கவிட்டு, அடுத்த விதைப்புக்கு முன் லேசாகக் கிளறி அழிப்பது நல்லது.

பிடுங்கிய செடிகளின் வேரையும் ஒருமுறை பாருங்கள். வேரில் கட்டி கட்டியாக வீக்கம் இருந்தால் அது வேர் முண்டு நோய். இந்தக் காட்டினங்கள் அதைத் தாங்கி வளர்த்து, அடுத்து வரும் கடுகுக்கும் முட்டைக்கோசுக்கும் கொடுத்துவிடும். வீக்கம் கண்டால் அந்தச் செடிகளைத் தனியாகக் காயவைத்து எரித்துவிட்டு, அந்தத் துண்டு நிலத்தில் இந்தக் குடும்பப் பயிர்களைச் சில ஆண்டுகளுக்குத் தவிர்த்துவிடுங்கள்.