கிரேக்கத் தேர்தல் 2023: வாக்கு குறைந்தும் இடங்கள் கூடியது ஏன்?

2023-இல் கிரேக்கத்தில் மே, ஜூன் என இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்கள் நடந்தன. முதலிடக் கட்சி ஜூனில் குறைந்த வாக்குக்குக் கூடுதல் இடங்கள் பெற்றதைப் பார்த்தால் கணக்கில் பிழையோ எனத் தோன்றும். பிழையில்லை, விதிதான் மாறியது. மே மாதம் புதிய ஜனநாயகக் கட்சி 40.79% பெற்று 146 இடங்கள், ஜூனில் 40.56%, ஆனால் 158. மே தேர்தல், சிரிசா என்ற இடதுசாரிக் கட்சி 2016-இல் இயற்றிய நேர்விகிதாசார முறையில், அதாவது ஊக்க இடங்கள் இன்றி வாக்கு விகிதப்படியே இடங்கள் பிரியும் முறையில் நடந்தது. ஜூனில் 2020-ஆம் ஆண்டுச் சட்டம்: முதலிடக் கட்சி 25% தொட்டால் 20 இடங்கள் ஊக்கமாகக் கூடுதலாகக் கிடைக்கும், மேலே ஒவ்வொரு அரை சதவீதத்துக்கும் ஓர் இடம், 40%-இல் மொத்தம் 50. அப்போது மொத்தம் 300-இல் மீதி 250 இடங்களே விகிதப்படி பிரியும்.

2020-இல் இயற்றியது மே தேர்தலுக்கே ஏன் பொருந்தவில்லை? அரசியலமைப்பின் 54-ஆவது பிரிவைப் பாருங்கள். 200 உறுப்பினர் ஆதரவில்லாத தேர்தல் சட்டம் அடுத்த தேர்தலைத் தாண்டித்தான் நடைமுறைக்கு வரும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

மே மாத இடங்களைக் கணக்கிட, சதவீதத்தை நேரடியாக 300-ஆல் பெருக்காதீர்கள். 3% எட்டாத கட்சிகளுக்கு இடமில்லை என்பதால் அவற்றின் வாக்குகளை முதலில் கழியுங்கள். மேயில் அது சுமார் 16%.