‘சயின்டிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் எப்படித் தோன்றியது?

இச்சொல்லை உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹியூவெல். 1833 ஜூன் மாதம் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகம் கேம்பிரிட்ஜில் கூடியபோது, இயற்கையை ஆராய்பவர்கள் தங்களைப் ‘பிலாசபர்’ என்று அழைத்துக்கொள்வதைக் கவிஞர் கோல்ரிட்ஜ் ஏற்க மறுத்தார். வேறு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு எழவே, ‘ஆர்ட்டிஸ்ட்’ இருக்கும்போது ‘சயின்டிஸ்ட்’ இருக்கக் கூடாதா என்றார் ஹியூவெல். அவையோர் அதை ரசிக்கவில்லை. மறு ஆண்டு, அறிவியல் நூலாசிரியை மேரி சோமர்வில்லின் நூலுக்கு ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ இதழில் பெயர் போடாமல் எழுதிய மதிப்புரையில் இந்நிகழ்ச்சியை அவர் விவரித்தபோது அச்சொல் அச்சேறியது. அங்கும் யாரோ ஒரு சாமர்த்தியசாலி சொன்னதாக எழுதினாரே தவிர, அது தாமே என்று காட்டிக்கொள்ளவில்லை.

சோமர்வில் பெண் என்பதால் அவருக்காகவே இச்சொல் படைக்கப்பட்டது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அழகான கதைதான், ஆனால் சரியன்று. துறைகள் ஒன்றையொன்று விட்டு விலகிப் போவதால் அனைவருக்கும் ஒரு பொதுப்பெயர் இல்லையே என்பதுதான் அந்த மதிப்புரையின் கவலை. 1840-இல் வெளிவந்த தம் நூலில் ஹியூவெல் இச்சொல்லை விளையாட்டாக அல்லாமல் முறையாகவே முன்மொழிந்தார். இயற்பியலாளரைக் குறிக்கும் ‘பிசிசிஸ்ட்’ என்பதையும் அதே நூலில் தந்தார்.

‘இஸ்ட்’ என்ற விகுதி கிரேக்கத்திலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சயன்ஸ்’ என்பதோ அறிவைக் குறிக்கும் ‘சியன்டியா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இந்தக் கலப்பைத் தூய்மைவாதிகள் குறை கூறினர். ஆங்கிலத்தை மதிப்பவருக்கு இச்சொல், மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதைக் குறிக்கும் ‘எலக்ட்ரோகியூஷன்’ என்பதைப் போலவே இனிமையாக இருக்கும் என்று 1894-இல் உயிரியலாளர் ஹக்ஸ்லி கேலி செய்தார். ஆனால் ‘டென்டிஸ்ட்’ என்பதும் அதே வகைக் கலப்புதான், அது எதிர்ப்பின்றிப் புழங்கிவந்தது. பிழைப்புக்காகச் செய்யும் தொழிலின் வாடை அந்த விகுதியில் அடித்ததே, ஆராய்ச்சியைக் கனவான்களின் ஈடுபாடாகக் கருதியவர்களுக்கு உண்மையான உறுத்தல் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் இச்சொல் விரைவாகப் பரவியதால், அது அமெரிக்கச் சரக்கு என்றே பல ஆங்கிலேயர்கள் நம்பினார்கள். 1924-இல்கூட ‘நேச்சர்’ இதழின் ஆசிரியர் இது குறித்துக் கருத்துக் கேட்டு, தாம் இதைப் பயன்படுத்துவதில்லை என்றும், கட்டுரையாளர்கள் விரும்பினால் எழுதலாம் என்றும் முடிவெடுத்தார்.