பழைய சிடி, டிவிடியை என்ன செய்யலாம்? ஹட்டனில் இருந்து சில பதில்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு காலத்தில் படம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவன் நான். கடை போய்விட்டது, மூட்டை மூட்டையாகத் தட்டுகள் மிச்சம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர் கேட்ட கேள்விகளுக்கு, அவற்றை வெட்டி ஒட்டிப் பழகியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தலவாக்கலை: அண்ணே, போஞ்சி முளைத்து வரும்போதே குருவி கொத்திவிடுகிறது. சிடி கட்டினால் நிற்குமா?

நிற்கும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். இரண்டு தட்டை எடுத்து, பளபளப்பு வெளியே தெரிகிற மாதிரி முதுகோடு முதுகு ஒட்டி, தங்கூசியில் (நைலான் நூலில்) கட்டிச் செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காற்றில் சுழலவிடுங்கள். ஒற்றைத் தட்டென்றால் பாதி நேரம் எழுத்துப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். ஓரிரு வாரத்தில் குருவிக்குப் பழகிவிடும், அதற்குள் இடத்தை மாற்றிவிட வேண்டும். பனி மூடிய நாளில் வெளிச்சமே இல்லாததால் வேலைக்கு ஆகாது. குரங்குக்கு? அது கழற்றி விளையாடும். இன்னொன்று, வெளியில் தொங்கவிட டிவிடியாகப் பார்த்து எடுங்கள்.

அதே ஆள்: சிடிக்கும் டிவிடிக்கும் அப்படி என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது தம்பி. இரண்டுமே 120 மில்லிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. ஆனால் சிடியில் பளபளக்கும் உலோகப் பூச்சு எழுத்துப் பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷ் மட்டும் போட்ட நிலையில் இருக்கிறது, அதனால் வெயிலிலும் மழையிலும் உரிந்து பாத்தி முழுக்கக் கொட்டும். டிவிடியில் 0.6 மில்லிமீற்றர் தட்டு இரண்டுக்கு நடுவே பூச்சு மாட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பை உற்றுப் பாருங்கள், நடுவில் மயிர்க்கோடு மாதிரி ஒன்று ஓடினால் அது டிவிடி.

சிடியின் பலவீனமே இன்னொரு வேலைக்கு உதவும். எழுத்துப் பக்கத்தைக் கத்தியால் கீறி, அகல டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தால் பூச்சு தோல் மாதிரி உரிந்து வரும், கையில் மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெறும் தட்டு. அதில் கண்ணாடிப் பெயின்டால் வரைந்து ஜன்னலில் தொங்கவிட்டால் அழகோ அழகு.

பதுளை: நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்கு ஏதாவது?

வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை காட்டி செய்யுங்கள் டீச்சர், செலவே இல்லை. தேயிலை வரும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு முனையில் பிளேடால் மெல்லிய பிளவு வெட்டி, எதிர் முனையில் தட்டின் துண்டைச் சாய்த்து ஒட்டி, அதற்கு மேலே கண் வைக்க ஒரு ஓட்டை. சாய்வைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் வண்ணங்கள் வந்துவிடும். வெளிச்சத்தைப் பிரிப்பது தட்டில் உள்ள நுண்ணிய வரிகள்தான்: சிடியில் மில்லிமீற்றருக்கு சுமார் 625 வரிகள், டிவிடியில் சுமார் 1350, அதனால் டிவிடியில் நிறங்கள் இன்னும் விரிந்து தெரியும். பிள்ளைகள் முதலில் வெளிவானத்தைப் பார்க்கட்டும், நிறங்கள் இடைவெளி இல்லாமல் ஓடும். அப்புறம் சுருள் சிஎஃப்எல் பல்பைப் பார்த்தால் பச்சை, சிவப்பு எல்லாம் தனித்தனிக் கோடாக நிற்கும். சூரியனை நேரே பார்க்க மட்டும் விடாதீர்கள்.

பண்டாரவளை: பூச்சாடியில் துண்டு துண்டாக ஒட்ட ஆசை. வெட்டினால் வெடிக்கிறது, ஒட்டினால் கழன்றுவிடுகிறது.

அக்கா, குளிரில் வெட்டாதீர்கள். கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு, சூடு ஆறுமுன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டினால் விரிசல் குறையும். துணுக்கு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பைண்டர் கம் (வெள்ளைப் பசை) இதில் பிடிக்காது, ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு எபொக்சி (இரண்டைக் கலந்து போடும் பசை) போடுங்கள். சுப்பர் குளூ பிடிக்கும், ஆனால் சுற்றிவர வெள்ளையாகப் பூத்து அசிங்கமாகிவிடும். தின்னர் கிட்டவே வேண்டாம், தட்டு மங்கிவிடும்.

மஸ்கெலியா: சைக்கிள் பின்னால் கட்டினால் இரவில் வாகனக்காரருக்குத் தெரியுமா?

நம்பாதே தம்பி. சிவப்பு ரிஃப்ளெக்டர் வெளிச்சம் கொஞ்சம் சாய்வாகப் பட்டாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும், சிடி வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, கோணம் சரியாக அமைந்தால்தான் மின்னும். நம்ம வளைவுகளில் அது நடக்கிற காரியமா? காசு கொடுத்து ரிஃப்ளெக்டரே வாங்கு.

நுவரெலியா: தட்டுகள் அடுக்கி வந்த வட்டப் பெட்டி?

மூடியை எறியாதீர்கள். லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) நாற்றுக்கு மேலே கவிழ்த்தால் குளிர் தாங்கும். வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வெந்துபோகும்.

வெலிமடை: கல்யாண வீடியோ, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் தட்டில் கிடக்கிறது, வெட்டலாமா?

முதலில் வீடியோவைப் பென் டிரைவில் ஏற்றுங்கள், அது ஓடுகிறதா என்றும் பாருங்கள். வங்கி விவரம் உள்ளது சிடி என்றால் எழுத்துப் பக்கத்தைச் சுரண்டுங்கள், தரவு இருப்பது அங்கேதான். பளபளப்பான பக்கத்தில் விழும் கீறலைத் தேய்த்துச் சரிபண்ண முடியும். டிவிடி என்றால் துண்டாக வெட்டத்தான் வேண்டும்.

ஹப்புத்தளை: மிச்சத்தை எரித்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம், புகை கெட்டது. கட்டி வைத்து மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள்: நடு ஓட்டை 15 மில்லிமீற்றர், அதைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிப் போளையை (கோலிக்குண்டை) அதில் அழுத்தி எபொக்சி வைத்தால் பம்பரம். சீமெந்துத் தரையில் நல்லாச் சுற்றும், மண் தரையில் சுற்றாது.